நின்றபடி செத்த சேவல்

இதில் ஒரு சொல் பொய்யென்றால், அடுத்த மழையின் முதல் இடி என் தலையில் விழட்டும். எங்கள் துவோபா ஊரில் யாரும் இடியை வைத்து விளையாட்டாகச் சத்தியம் செய்வதில்லை. இங்கே இடி ஆளைத் தேடிவந்து அடிக்கும். அது போதாதென்றால், இதோ, விரலால் மண்ணைத் தொட்டு நாக்கிலும் வைத்துக்கொண்டேன். மண் கொஞ்சம் உப்பாக இருக்கிறது. ஆடுகள் இந்தப் பக்கம் வந்துபோயிருக்க வேண்டும். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

தபுவோ தனிவீடு கட்ட நினைத்த வருடத்தில் நடந்தது இது. தபுவோ என் பக்கத்து வீட்டுக்காரன். நெடுநெடுவென்று உயரம். பேச்சு மட்டும் மெதுவாக வரும். வழியில் பார்த்தவரிடம் அவன் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அந்த ஆள் லாவ்ரா சந்தைக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். திரும்பி வந்தவருக்கும் அதே விசாரிப்பே போதுமானதாக இருக்கும்.

அவன் மனைவி அயுவோ அப்படியல்ல. அவளுக்குக் கையும் வேகம், வாயும் வேகம். அவள் காய்ச்சும் சோளக்கள்ளுக்கு இந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. அக்கரையிலிருந்து தோணி போட்டுக்கொண்டு வந்து குடிப்பார்கள். ஒருநாள் ஆற்றிலிருந்து ஒரு முதலை ஏறிவந்து அவள் பானைகளுக்குப் பக்கத்தில் மரியாதையாகப் படுத்திருந்ததை நானே பார்த்தேன். அதற்கும் ஒரு சுரைக்குடுவை ஊற்றினாள். குடித்துவிட்டு, வந்த வழியே போயிற்று. போகும்போது நடை மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது.

தொல்லை என்னவென்றால், அடுப்பு மாமியார் முற்றத்தில் இருந்தது. தபுவோவின் அம்மாவும் தன் காலத்தில் பேர்பெற்ற கள்காய்ச்சிதான். அயுவோ பானையை இறக்கியதும் அந்த அம்மாள் வருவார். மூடியைத் திறப்பார். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுவார். குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் மரக்கட்டைகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தரையில் துப்பிவிட்டு, "புளிக்குது" என்பார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வந்தவர்களை ஒவ்வொருவராகத் திட்டத் தொடங்குவார். ஒருவனுக்கு வயல் கிடக்கும் லட்சணம், இன்னொருவனுக்குப் பெண்டாட்டியை வைத்திருக்கும் லட்சணம். நாங்கள் கள்ளுக்காக அதையும் குடித்தோம்.

கடைசியில் அயுவோவுக்குப் பொறுக்கவில்லை. சந்தை கூடிய ஒரு காலையில், எல்லோருக்கும் கேட்கும்படியே புருஷனிடம் சொன்னாள்.

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. முதல் மழைக்கு முன்னாடி எனக்குன்னு நாலு சுவரு வேணும், எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். இல்லேன்னா பானையெல்லாம் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"அது... வந்து... நான் கொஞ்சம்..." என்றான் தபுவோ.

"யோசிங்க. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மழை வந்து, சோளம் விளைஞ்சு, அறுத்துக்கூட வெச்சிருப்பாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அந்த மூட்டையைப் பார்த்துத் தபுவோ பயந்ததைவிட ஊர் ஆண்கள் பயந்ததுதான் அதிகம். மழை இறங்கிவிட்டால் மண்சுவர் எழுப்ப முடியாது. ஒரு படை வைத்துக் காய்வதற்குள் கரைந்துவிடும். கிழக்கே அப்போதே பஞ்சுபஞ்சாக மேகம் வரத் தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் மண்ணைக் கேட்காமல் யாரும் சுவர் வைப்பதில்லை. கேட்பது சுலபம்தான். மண்பூசாரி புளியமரத்தடிக் கல்லுக்கு முன்னால் நின்று விஷயத்தை எடுத்துச் சொல்வார். கோழியின் கழுத்தை அறுத்து வீசுவார். இறக்கையடித்துத் துடித்து, கடைசியில் மல்லாந்து விழுந்தால் மண்ணுக்குச் சம்மதம். குப்புற விழுந்தால் மறுப்பு. மறுப்பு என்றால், கூடியிருப்பவர்களில் யாரோ ஒரு தப்பை மறைக்கிறார்கள் என்று பொருள். அதை வெளியே சொல்லிவிட்டு, வேறொரு கோழியோடு மறுபடி கேட்கலாம். கோழி இருக்கும்வரை கேட்கலாம்.

எங்கள் மண்பூசாரி பெக்குவோனே ஒல்லியான மனிதர். ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் எப்போதும் தூக்கம். தபுவோ கொண்டுவந்த கருப்புக் கோழியை வாங்கிக் கல்லுக்கு முன் நின்றார்.

"மண்ணே, இது தபுவோ. உனக்குத் தெரிஞ்ச பையன்தான். உன் மேல ஒரு வீடு வெக்கணும்கிறான். பொண்டாட்டி மூட்டை கட்டி வெச்சிருக்கா. அதையும் நீ பார்த்திருப்பே. சரின்னு சொல்லிடு."

அறுத்து வீசினார். கோழி இரண்டு சுற்றுச் சுற்றிக் குப்புற விழுந்தது.

"யாரோ எதையோ முழுங்கிட்டு நிக்கிறீங்க," என்றார். "கக்கிடுங்க."

தபுவோ முன்னால் வந்தான். "நான்... ஒரு... மண்வெட்டிக் காம்புக்கு..." என்று ஆரம்பித்தான். நிழல் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனபோது விஷயம் முழுதாக வெளிவந்தது. மண்ணுக்குரிய தோப்பில் ஒரு கிளை வெட்டியிருக்கிறான். சரி என்று அடுத்த கோழியைக் கொடுத்தோம். அதுவும் குப்புற விழுந்தது.

கியாதர் தொண்டையைக் கனைத்தான். அவன் வயலும் என் வயலும் ஒட்டியவை. நடுவில் ஒரு எல்லைக்கல். "அந்தக் கல்லு... ராத்திரி ராத்திரி கொஞ்சம் நடக்குது," என்றான்.

"கல்லு நடக்குமா?" என்றேன்.

"நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினேன்."

கல்லைப் பழைய இடத்திலேயே வைப்பதாக ஒப்புக்கொண்டான். அடுத்த கோழியும் குப்புற விழுந்தது. இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் அத்தனை கண்கள் பார்க்கும்போது வெறுங்கையோடு நிற்பது மரியாதை இல்லையே? அதனால், பெக்குவோனேயின் ஆட்டை நான்தான் திருடினேன் என்று சொல்லிவைத்தேன்.

"என் ஆடு வீட்டுலதானேப்பா கட்டியிருக்கு?" என்றார் பெக்குவோனே.

"திரும்பக் கொண்டுவந்து கட்டிட்டேன்."

அடுத்த கோழி விழுந்த வேகத்தில் அதன் அலகு தரையில் குத்திக்கொண்டது. பிடுங்கி எடுக்க ஆள் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் பெக்குவோனேயே தலையைச் சொறிந்தார். மண்ணுக்கு ஊற்றக் கொடுக்கும் கள்ளில் பாதியை மண்ணுக்கு ஊற்றியதே இல்லையாம். "மண்ணுக்கு வயசாகிடுச்சு. ரொம்பக் குடிச்சா ஆகாதுன்னு நெனச்சேன்," என்றார். அந்தக் கோழியும் குப்புறத்தான். கடைசியாகத் தபுவோவின் அம்மா எழுந்து நின்றார். முந்தின வாரம் மருமகளுக்குத் தெரியாமல் அவள் பானையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டாராம்.

"ஒரு வாயா?" என்றாள் அயுவோ. "பானை பாதியாயிருந்துச்சே!"

"பெரிய வாய்."

இதற்குள் தபுவோவிடம் கோழிகள் தீர்ந்துவிட்டன. மிஞ்சியது அவன் செல்லமாக வளர்த்த சிவப்புச் சேவல் ஒன்றுதான். ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். ஒருமுறை ஒரு கழுதையைத் துரத்தியிருக்கிறது. அதைப் பிடிக்கவே நாலு ஆள் தேவைப்பட்டது. பெக்குவோனேயின் கத்தியைக் கியாதர் அன்று காலைதான் சாணை பிடித்திருந்தான். அதனால் ஒரே இழுப்பில் தலை தனியாக வந்துவிட்டது.

சேவல் பறந்தது. புளியமரத்தைச் சுற்றியது. கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கணம் நின்று, முகம் பார்ப்பதுபோல் பார்த்தது. பார்ப்பதற்குத் தலைதான் இல்லை. பிறகு கல்லுக்கு முன்னால் வந்து, கால்களை அகட்டி ஊன்றி, இறக்கைகளை மடித்துக்கொண்டு நின்றது. நின்றபடியே செத்துவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். அது விழவில்லை.

"செத்துடுச்சா?" என்றான் கியாதர்.

"தலையில்லாம வேற என்ன பண்ணும்?" என்றேன்.

"மல்லாக்க விழுந்தா சம்மதம். குப்புற விழுந்தா இல்லை. நின்னா என்ன?"

எல்லோரும் பெக்குவோனேயைப் பார்த்தோம். அவர் முதல்முறையாக அந்தத் தூக்கக் கண்ணை முழுதாகத் திறந்தார். அவர் அப்பாவோ அவர் தாத்தாவோ இப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. "மண்ணு இன்னும் பதில் சொல்லலை," என்றார். "அது சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டுத் தள்ளினா, மண்ணு சொல்ல வேண்டியதை நாம சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் அது நம்மளை என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது." சேவலின் தலையைப் பத்திரமாக ஒரு சுரைக்குடுவையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அன்றிலிருந்து ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது. பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நுனிக்காலில் நடந்தார்கள். உலக்கை இடித்தால் தரை அதிரும் என்று இடிப்பதை நிறுத்தினோம். முழுச் சோளத்தையே வேகவைத்துத் தின்றோம். பக்கத்தூரில் சாவு விழுந்தபோதுகூட சாவுக்கு வாசிக்கும் மரச்சைலபோனை மெல்லத் தட்டச்சொல்லி ஆள் அனுப்பினோம். கியாதருக்கு நெஞ்சதிரும் இருமல் உண்டு. அவனை அவன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். ஒரு பருந்து வந்து சேவலுக்கு எதிரே இறங்கியது. அதை மேலும் கீழும் பார்த்தது. தலையை எங்கே தேடுவதென்று தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டது. கறையான்கள் சேவலின் இடது காலை மரமென்று நினைத்துப் புற்று கட்டத் தொடங்கின. முழங்கால் வரை கட்டின.

இதையெல்லாம்கூட நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கலாம். விடியலில் நடந்ததைத்தான் நான் சொல்லியாக வேண்டும். வெளுக்கும் நேரத்தில் அந்தச் சேவல் நெஞ்சை நிமிர்த்தி இறக்கையை ஒருமுறை தட்டும். உடனே ஊரின் அந்தக் கோடியில் பெக்குவோனே வீட்டுச் சுரைக்குடுவைக்குள்ளிருந்து அதன் தலை கூவும். ஒருநாளும் நேரம் தவறவில்லை. பெக்குவோனேயின் மனைவி இரண்டாம் நாளே குடுவைமேல் ஒரு பாயைப் போட்டு மூடினாள். கூவல் அடங்கிய குரலில் வந்தது.

மேகங்கள் பஞ்சிலிருந்து கம்பளியாக மாறின. அயுவோ வாசலில் இருந்த மூட்டையை முற்றத்தின் நடுவுக்கு நகர்த்தினாள். தபுவோ தினமும் போய்ச் சேவலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதனிடம் ஏதோ பேசத் தொடங்குவான். பேசி முடிக்கும் முன் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த நிலைமையில்தான் அதங்கா ஊர் திரும்பினான்.

அதங்கா எங்கள் ஆளில்லை. ஃப்ராஃப்ரா இனத்தவன். எங்கள் ஊரில் சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன். அவன் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒருவரையொருவர் எதைச் சொல்லித் திட்டினாலும் கோபித்துக்கொள்ளக்கூடாது. எங்கள் பெரியவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆதியில் ஒரு நாயைச் சமைத்தபோது தலை யாருக்கு, வால் யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பல்போன கிழவர்கள்கூட அதற்காகச் சண்டை போடுவார்கள். அவன் தன் அத்தை சாவுக்குப் போய்விட்டு வந்திருந்தான். வந்ததும் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டுச் சேவலைப் பார்த்தான்.

"ஏய் வால்தின்னிங்களா! நான் ஊருல இல்லேன்னா ஒரு கோழியைக்கூட ஒழுங்காச் சாகடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"மெதுவாப் பேசுடா, தலைத்திருடா," என்றேன். "அது விழுந்துடும்."

"விழத்தானே வேணும்?"

விஷயத்தைச் சொன்னேன். குடுவைக்குள் தலை கூவுவதையும் சொன்னேன். அவன் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "தபுவோவுக்குத் தனிவீடு கிடைக்குதோ இல்லையோ, அவன் சேவலுக்குக் கிடைச்சுடுச்சு," என்றான். அவன் நாய் சேவலை மோந்து பார்த்தது. பிறகு அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கிக் காட்டியது. நாய் விழுந்தது கணக்கில் வராது என்று பெக்குவோனே உடனே அறிவித்தார்.

"நீங்க தொடக்கூடாது, அவ்வளவுதானே?" என்றான் அதங்கா. "இது உங்க மண்ணு. எனக்கும் இதுக்கும் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. நான் ஒத்தை விரலால ஒரு தட்டுத் தட்டறேன். எந்தப் பக்கம் தள்ளணும், சொல்லுங்க."

"மல்லாக்க!" என்று கத்தினாள் அயுவோ.

"குப்புற!" என்று கத்தினார் தபுவோவின் அம்மா.

கூட்டம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. பெற்ற மகன் வீடு கட்டுவதற்கு, இருக்கிற கோழியையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தாய் குப்புற விழச் சொல்கிறார்.

"அம்மா," என்றார் பெக்குவோனே. "இங்க வா. என் நல்ல கண்ணைப் பார்த்துச் சொல்லு. நீ மண்ணுகிட்ட ஏதாச்சும் கேட்டியா?"

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார். மறைக்கிற ஆள் இல்லை. பிடிபட்டபின் மறைப்பதில் என்ன இருக்கிறது? "கேட்டேன். அவ மூட்டை கட்டினாளே, அடுத்த சந்தையன்னிக்கு. ஊரே லாவ்ராவுக்குப் போயிருந்துச்சு. என் வெள்ளைப் பெட்டையைக் கொண்டுவந்து இந்தக் கல்லு முன்னாடியே அறுத்தேன். என் மகன் கேட்டா வீட்டுக்கு இடம் கொடுக்காதேன்னு கேட்டேன்."

"பூசாரி இல்லாமலா? யார் கத்தி?"

"உன் கத்திதான். நீ மரத்தடியில தூங்கிட்டு இருந்தே. இடுப்புல இருந்து உருவினேன்."

"எப்படி விழுந்துச்சு?"

"மல்லாக்க," என்றார் பெருமையோடு. "என்னமா விழுந்துச்சு தெரியுமா! காலு ரெண்டும் வானத்தைப் பார்த்து. அந்த மாதிரி விழுந்து நான் பார்த்ததே இல்ல."

பெக்குவோனே மெல்ல உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லு. மண்ணு உனக்கு வாக்குக் கொடுத்துடுச்சு. அதான் உன் மகன் கோழியெல்லாம் குப்புற விழுந்துச்சு. ஆனா அவனும் விடாமக் கோழி மேல கோழியாக் கொண்டாந்து கொட்டறான். மண்ணுக்கும் இரக்கம் வராதா? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியல. பிள்ளையைப் பார்த்தா மனசு கேக்கல. என்ன பண்ணும் பாவம், நின்னுடுச்சு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தங்கை வீட்டிலிருந்து அன்று வந்திருந்த கியாதர் இருமலை விழுங்கிக்கொண்டு கேட்டான். "அப்போ, கோழி குப்புற விழுந்தது எங்க தப்பாலே இல்லியா? என் எல்லைக்கல்லு?"

"கல்லு வெச்ச இடத்துலயே இருக்கட்டும்," என்றேன் நான்.

"அந்தக் கள்ளு விஷயத்தையும் நான் சொல்லியிருக்க வேண்டாம்," என்றார் பெக்குவோனே வருத்தமாக.

இனி ஒரே வழிதான் இருந்தது. கேட்டதைக் கேட்டவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கிழக்கே வானம் கருநீலம் பாரித்திருந்தது. காற்றில் ஈரவாசனை. தபுவோ அம்மாவின் முன்னால் மண்டியிட்டான். அவன் வாயைத் திறந்தான். நாங்கள் எல்லோரும் உட்கார இடம் தேடினோம். ஆனால் அயுவோ அவனை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏன் அத்தை? உங்க பிள்ளையை நான் எங்க தூக்கிட்டுப் போறேன்? கூப்பிடு தூரத்துலதானே வீடு வெக்கப்போறோம்?"

"அவன் யாருக்கு வேணும்?" என்றார் மாமியார். "கூட்டிட்டுப் போ. நாலு தெரு தள்ளி வெச்சாலும் எனக்குக் கவலையில்ல. அவன் ஒரு சேதி சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் செத்தே போயிடுவேன்."

"அப்புறம் என்ன?"

அந்த அம்மாள் மருமகளிடமிருந்து முகத்தைத் திருப்பினார். சேவலைப் பார்த்தார். பிறகு சேவலிடமே சொல்வதுபோலச் சொன்னார். "நீ போனா அடுப்பு போகும். அடுப்பு போனாப் பானை போகும். பானை போன இடத்துக்கு ஆளுங்க போவாங்க. அப்புறம் என் முத்தத்துல யாரு வந்து உட்காருவா? நான் விடிஞ்சு எந்திரிச்சு யாரைத் திட்டறது? ஆட்டையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் புருஷன் போய்ப் பல வருடங்கள். மகன் வயலுக்குப் போனால் பொழுதுசாயத்தான் வருவான். அயுவோ பானை இறக்கும் நாளில் எங்கள் மரக்கட்டைகள் மட்டுமே அந்த முற்றத்தில் நிறைந்திருந்தன. நாங்கள் கள்ளுக்காக வந்தோம். அவர் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது.

அயுவோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"அடுப்பு என் வீட்டுப் பக்கம் இருக்கும்," என்றாள். "அதுல மாத்தம் கிடையாது. பானை மூடியை என்னைத் தவிர யாரும் தொறக்கக்கூடாது. ஆனா உட்கார்ற கட்டையெல்லாம் இப்ப இருக்கிற இடத்துலயே, உங்க முத்தத்துலயே கிடக்கட்டும். நான் காய்ச்சி அங்க கொண்டாந்து ஊத்தறேன். யார் யார் எங்க உட்காரணும்னு நீங்களே சொல்லுங்க. யாரை வேணும்னாலும் திட்டுங்க."

"முதல் குடுவை எனக்கு."

"சரி."

"புளிச்சாச் சொல்லுவேன்."

"துப்பக்கூடாது."

மாமியார் தயங்கினார். அவருக்கு அது பெரிய இழப்புதான். "முழுங்கிட்டுச் சொல்றேன்," என்றார்.

பிறகு கல்லின் முன்னால் போய் நின்றார். பெக்குவோனே ஒரு குடுவையில் மாவு கரைத்த தண்ணீரைக் கொடுத்தார். அதைக் கல்மேல் ஊற்றினார். "மண்ணே, அன்னிக்கு வெள்ளைப் பெட்டையைக் கொடுத்து ஒண்ணு கேட்டேன். அதை விட்டுடு. எனக்கு வேண்டாம். பெட்டையை நீயே வெச்சுக்கோ. அது நல்லா முட்டை போட்டுக்கிட்டிருந்த பெட்டை, அதையும் ஞாபகம் வெச்சுக்கோ. இவளுக்கு இடம் கொடு. என் முத்தத்தைப் பார்த்த மாதிரி வாசல் வெக்கட்டும். அவ்வளவுதான்."

கடைசிச் சொல்லை அவர் சொல்லி முடித்தார். சேவல் இடது காலைக் கறையான் புற்றிலிருந்து உருவி எடுத்து மண்ணை உதறியது. வலது காலையும் எடுத்தது. ஒரு கணம் எதன்மேல் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, வயலில் வேலை முடித்துவந்த மனிதன் பாயில் சாய்வதுபோல, மெதுவாக மல்லாந்து படுத்தது. இறக்கை இரண்டும் விரிந்தன. கால்கள் வானத்தைப் பார்த்தன. அதே நேரத்தில் ஊரின் அந்தக் கோடியில் பாய்க்கடியிலிருந்து ஒரே ஒரு கூவல் கேட்டது. அதன்பின் கேட்கவேயில்லை.

"என் பெட்டை விழுந்த அளவுக்கு இல்ல," என்றார் தபுவோவின் அம்மா.

மண்ணுக்குச் சம்மதமாகிவிட்டது. இனி வானத்தோடுதான் போட்டி. ஆண்களெல்லாம் ஆற்றங்கரைக்கு ஓடி மண் குழைத்தோம். தலை அளவுக்குப் பந்துபந்தாக உருட்டி மேலே எறிந்தோம். உயரமான தபுவோ சுவரின்மேல் உட்கார்ந்து பிடித்துப் பிடித்து வைத்தான். கையில் மட்டும் அவன் மெதுவானவன் இல்லை. அதங்கா, வால்தின்னிகள் கட்டிய சுவர் நாய் ஒண்ணுக்கடித்தால் விழும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு ஆள் வேலை செய்தான். ஒரு படை காய்வதற்குள் அடுத்த படை வைத்தோம். வெயில் போதாத நேரத்தில் நாங்கள் எல்லோரும் சுவரைச் சுற்றி நின்று வாயால் ஊதிக் காயவைத்தோம். உத்திரம் ஏற்றி, மேலே மண் கொட்டினோம். பெண்கள் வரிசையாக நின்று அந்தக் கூரைமண்ணைத் தட்டித் தட்டி இறுக்கினார்கள். கடைசித் தட்டுக்கு மட்டை தூக்கிய கை கீழே வரும்போது மழையின் முதல் துளி அந்தக் கையின்மேல் விழுந்தது.

அயுவோ மூட்டையைத் தூக்கினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அப்பா வீட்டுப் பாதை வலப்பக்கம். அவள் இடப்பக்கம் திரும்பி, ஈரச்சுவர் வாசனை அடிக்கும் புது வாசலுக்குள் குனிந்து நுழைந்தாள். மூட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. தபுவோ வாசலில் நின்று, "அது... வந்து..." என்றான்.

"உள்ள வாங்க. நனையாதீங்க," என்றாள்.

சேவலை முறைப்படி பெக்குவோனே வீட்டில் சமைத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. இவ்வளவு காலம் நின்றதால் கால்பக்கம் கொஞ்சம் விறைப்பு. மற்றபடி நல்ல கறி.

புது அடுப்பில் காய்ச்சிய முதல் கள்ளை அயுவோ மாமியார் முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் அவரவர் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். யார் எந்தக் கட்டை என்று அன்று காலைதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கணுவுள்ள கட்டை. தபுவோவின் அம்மா முதல் குடுவையை வாங்கினார். ஒரு வாய் நாக்கில் உருட்டினார். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"புளிக்குது," என்றார். குடுவையைக் காலி செய்துவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லி நீட்டினார்.

அந்த வருடம், அயுவோ மூட்டை கட்டுவதற்கு முன்பே, தூசிக்காற்றோடு வந்த கோழிநோயில், ஆற்றங்கரையிலிருந்து லாவ்ரா வரைக்கும் எந்த வீட்டிலும் ஒரு கோழிகூட உயிரோடு மிஞ்சவில்லை.